வீரணன் கதையை நான் சொன்ன விதம்

கோட்டைக்குள்ள கைடு யாரும் கிடையாது சார், தேடாதீங்க. டிக்கெட் கொடுக்குற எடத்துல சுவத்துல ஒரு கறுப்புக் கட்டம் ஒட்டியிருக்கும். உங்க போனைக் காட்டினா அது பேசும். கோட்டை முழுக்க மொத்தம் ஒம்பது கட்டம். பொம்பளைக் குரல் வரும். அது எஸ்தரம்மா, எங்க ஊர் நூலகர். தங்கமான அம்மா, ஆனா குரல்ல உப்பு இல்லை. ரேசன் கடையில பேர் கூப்பிடுற மாதிரியே இருக்கும்.

இப்பப் போக முடியாது. மதியம் பூட்டிட்டு ரெண்டரைக்குத்தான் திறப்பாங்க. உக்காருங்க, இந்தப் பெஞ்சுல வெயில் விழாது. எளநி சொல்லவா?

என் பேரு மாசிலாமணி. கைடு மாசிலாமணி. இருபத்திரண்டு வருசம் இந்தச் செம்பாறைக் கோட்டையில கைடு. இப்ப அந்த வாசலைத் தாண்டி நான் உள்ள போகக் கூடாதுன்னு ஜாமீன்ல எழுதியிருக்கு. கதவுக்காரத் தெருவுக்கும் போகக் கூடாது. ரோடு பொது ரோடு, இங்க உக்காரலாம். வெட்கமில்லாம உக்காந்திருக்கேன்.

நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. என் வக்கீல் முழுசாக் கேக்க மாட்டேங்குறாரு. பாதியில கையைக் காட்டி நிறுத்திடுறாரு.

எல்லாம் அந்த வியாழக்கிழமை வகுப்புல ஆரம்பிச்சது. வகுப்புன்னு சொல்லக் கூடாது, மேடம் கோவிச்சுக்குவாங்க. மங்கையர்க்கரசி மேடம், இங்க மியூசியம் காப்பாட்சியர். மாத்தலாகி வந்த புதுசுல எங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சாங்க. நானு, எஸ்தரம்மா, தாலுகா ஆபீஸ்ல பழைய ரெக்கார்டு அறை பார்க்குற ஹபீப் பாய், அப்புறம் சீனிச்சாமி. சீனி மியூசியத்துல உதவியாளர். சிலையைத் துடைக்கிறதுதான் வேலைன்னு பேரு, ஆனா ஸ்கேன் எடுக்குறது, போட்டோ எடுக்குறது எல்லாம் அவன் கைதான்.

மேடம் சொன்னாங்க, "பழசைச் சனங்களுக்குச் சொல்றது நம்ம அஞ்சு பேரு பொழப்பு. ஆளுக்கொரு மூலையில உக்காந்து சொல்லிக்கிட்டு இருக்கோம். இனிமே அவங்க போன்லதான் கேப்பாங்க, போன்லதான் பார்ப்பாங்க. அதுக்கு நாம கத்துக்கணும். இங்க யாரும் வாத்தியார் கிடையாது. தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். தெரியலைன்னு சொல்றதுக்கு யாரும் கூசக் கூடாது."

அம்பத்தோரு வயசுல தெரியலைன்னு சொல்ல எனக்குக் கூச்சமாத்தான் இருந்துச்சு. ஆனா ஹபீப் பாய் என்னைவிட மோசம் சார். மௌஸைப் பிடிக்கச் சொன்னா கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பாரு. அதைப் பார்த்து எனக்குத் தைரியம் வந்துருச்சு. மியூசியத்துக்குப் பின்னாடி உடைஞ்ச சிலையெல்லாம் போட்டு வைக்கிற அறை, அதுல மூணு கம்ப்யூட்டர். எட்டு மாசம் ஒரு வியாழக்கிழமை விடாம போனேன். எஸ்தரம்மா ஹபீப் பாய்க்குத் தமிழ்ல தட்டச்சு சொல்லிக் கொடுத்தாங்க. ஹபீப் பாய் எங்களுக்குக் கும்பினிக் காலத்துக் கையெழுத்து படிக்கச் சொல்லிக் கொடுத்தாரு. மேப்புல இடத்தைக் குத்தி அடையாளம் வைக்கிறது எப்படின்னு மேடம் காட்டினாங்க. ரெண்டு ரெண்டு பேரா உக்காரணும். என் ஜோடி சீனிச்சாமி.

அவன்தான் சார் என் குரலை எனக்குக் காட்டினான். திரையில நீளமா, மேடும் பள்ளமுமா ஓடுது. "அண்ணே, இதான் நீங்க"ன்னான். எங்க மூச்சு வாங்குறேன், எங்க இருமுறேன், எல்லாம் கண்ணுக்குத் தெரியுது. ரெண்டு பக்கமும் கோடு போட்டு ஒரு தட்டு தட்டினா இருமல் போயிடுது. இருபத்திரண்டு வருசமா மலை ஏறி ஏறி இருமிக்கிட்டே பேசினவன் நான். அன்னைக்கு இருமல் இல்லாம என் குரலை நானே கேட்டேன். கண்ணு கலங்கிருச்சு. அவன் சிரிச்சுக்கிட்டே டீ வாங்கிட்டு வந்தான்.

நானும் சும்மா இல்லை. பேச்சுல எங்க நிறுத்தணும்னு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நாலு செகண்டு நிறுத்து, கேக்குறவன் மூச்சைப் பிடிப்பான், அப்பப் போடு அடுத்த வார்த்தையைன்னு. "உங்களுக்கு இது பிறவியிலேயே வந்ததுண்ணே"ம்பான்.

எஸ்தரம்மா ஒரு சட்டம் வச்சிருந்தாங்க. ஒவ்வொரு பதிவுக்கும் கீழ மூணு விசயம் எழுதணும்: எங்க இருந்து எடுத்தது, யார் சொன்னது, யார் சரிபார்த்தது. ஒருத்தர் செஞ்சதை இன்னொருத்தர் கேட்டுச் சரின்னு சொன்னாத்தான் வெளிய போகும். எங்க இருந்து எடுத்ததுன்னு கேட்ட எடத்துல நான் "கைடு மாசிலாமணி"ன்னு எழுதினேன். எல்லாரும் சிரிச்சாங்க. மேடம் சிரிக்கலை. "உங்களுக்கு யார் சொன்னதுங்க?"ன்னாங்க.

"எனக்கு முந்தி இருந்த கைடு."

"அவருக்கு?"

அவருக்கு யார் சொன்னதுன்னு நான் எங்க சார் போய்க் கேக்க? அவரு செத்து பதினேழு வருசமாச்சு.

நீங்க கதையைக் கேட்டதில்லையே. ரொம்பச் சுருக்கமாச் சொல்றேன். இதோ, தலைக்கு மேல தெரியுது பாருங்க வடக்கு வாசல், அங்க நிறுத்தித்தான் சொல்லுவேன். 'நாற்பது நாள் முற்றுகை. கும்பினிப் படை கீழே. மேலே கொண்டல்ராயர், அவரோடு அறுநூறு வீரர்கள். தானியம் இல்லை, தண்ணீர் இருக்கிறது. கோட்டையை உடைக்க முடியவில்லை. ஒரு நாள் உச்சிவேளை. ராயர் பூசையில் இருக்கிறார். வடக்கு வாசலில் காவல் நிற்பவன் கதவுக்கார வீரணன். இடுப்பில் சாவி. மடியில் வெள்ளைக்காரன் கொடுத்த பொன்முடிப்பு. கதவு கிறீச்சிடக் கூடாதே என்று கீலுக்கு எண்ணெய் விடுகிறான், பாவி!'

அப்புறம் வெட்டு. படி படியா ரத்தம் எறங்கி வர்றதைக் கையால காட்டிக்கிட்டே நானும் படி படியா எறங்குவேன். ராயர் தலையை ஈட்டியில குத்தி மூணு ஊர் சுத்தினதைச் சொல்லுவேன். கடைசியில பதினாலு பேரைப் புளியமரத்துல ஒவ்வொருத்தரா, மத்தவங்க பார்க்கப் பார்க்கத் தொங்கவிட்டது. கழுத்தை ஒரு பக்கமாச் சாய்ச்சு நாக்கைக் கடிச்சுக் காட்டுவேன். குழந்தைங்க வீறிட்டு அழும். பெரியவங்க முகம் செத்துப் போகும். வெளிநாட்டுக்காரனுக்குப் பாஷை தெரியாது, அவனுக்கே கண்ணு நிறையும்.

பொன்முடிப்பு நான் வச்சது. உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும். ஒரு தடவை காலேஜ் பிள்ளைங்க கொட்டாவி விட்டுச்சு, அப்ப வச்சேன். எண்ணெய் அதுக்கு அடுத்த வருசம் வந்துச்சு.

கேக்குறவங்க கேப்பாங்க, "அந்த வீரணனுக்குப் பிள்ளைகுட்டி இருந்துச்சா?" நான் மேல இருந்தே கையை நீட்டிக் காட்டுவேன். "அந்தா ஓட்டு வீடு வரிசையாத் தெரியுது பாருங்க, கதவுக்காரத் தெரு. அதான் அவன் வம்சம்." எல்லாரும் சுவத்துல எக்கி எட்டிப் பார்ப்பாங்க. அங்க பொம்பளைங்க துணி காயப் போட்டுக்கிட்டு இருப்பாங்க, பிள்ளைங்க டயர் உருட்டும். போட்டோ எடுத்துக்குவாங்க. இருபத்திரண்டு வருசம் காட்டியிருக்கேன், ஒரு கல்லு விழுந்ததில்லை. ஒரு தடவை மட்டும் எவனோ சுவத்துல 'துரோகி'ன்னு எழுதிட்டுப் போனான். அது பயலுக விளையாட்டு. இன்னொரு தடவை பொண்ணு பார்க்க வந்தவங்க கோட்டையைச் சுத்திப் பார்த்துட்டு, அப்படியே பஸ் ஏறிப் போயிட்டாங்களாம். அதுக்குக் கதையா காரணம்? பொண்ணு பிடிக்காமக்கூடப் போயிருக்கலாம். சின்னாண்டி ஐயாதான் மலை ஏறி வந்து கேட்டாரு, "தெருவைக் காட்டாமச் சொல்ல முடியாதாப்பா?"ன்னு. பொண்ணோட அப்பா. மூச்சு வாங்கி நின்னாரு. "சரிங்கய்யா"ன்னேன். ரெண்டு நாள் காட்டலை. அப்புறம் கை தானாப் போயிடுது.

அந்தச் சின்னாண்டி ஐயா மகன்தான் சீனிச்சாமி.

தெரியும் சார். தெரியாம என்ன. ஆனா வியாழக்கிழமை அறைக்குள்ள அவன் சீனி, நான் அண்ணன், அவ்வளவுதான். அந்தப் பேச்சே வந்ததில்லை.

நாலாவது கட்டம் வடக்கு வாசலுக்கு. என் குரல்ல பதிவு பண்ணினோம். பக்கத்துல உக்காந்து ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டுக் கேட்டான் சீனி. முழுசாக் கேட்டான். மாட்டியிருந்ததைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டான். அப்புறம், "அண்ணே, தெருப் பேரை மட்டும் எடுத்துடலாமாண்ணே"ன்னான். கேக்குறதுக்கே கஷ்டப்பட்டுக் கேட்டான். எனக்கு மனசு இளகிடுச்சு. "எடுத்துருப்பா, நீயே வெட்டு"ன்னேன். வெட்டினான். நடுவுல ஹபீப் பாய் ஒரு பேப்பர் கொண்டு வந்தாரு, அதை அப்புறம் சொல்றேன். அந்தப் பேப்பரைப் பார்த்துட்டு மேடம், "வீரணன் பகுதி முழுசும் இப்போதைக்கு வேண்டாம்"னுட்டாங்க. பதினோரு நிமிசக் கதை மூணு நிமிசமாச்சு. கையும் இல்லை காலும் இல்லை.

அதை ஒட்டின வாரம் குருநாதன் வந்தான். ராயர் இளைஞர் பேரவைன்னு ஒண்ணு இருக்கு, அதுக்குத் தலைவர். போனைக் காட்டிக் கேட்டுட்டு, "என்னண்ணே, உங்க கதை மாதிரியே இல்லை. ராயருக்காக அழுறதுக்கு ஒரு எடம்கூட இல்லையே. உங்க வாயைக் கட்டிட்டாங்களா?"ன்னான்.

அந்த வார்த்தை சார். வாயைக் கட்டிட்டாங்களான்னு கேட்டான்.

வீட்டுல என் மக பழைய கம்ப்யூட்டர் இருந்துச்சு. நாலு நாள் உக்காந்தேன். கத்துக்கிட்டது எல்லாத்தையும் இறக்கினேன். முரசுச் சத்தம், குதிரைக் குளம்பு, கதவு திறக்குற சத்தம் எங்க வீட்டுக் கொல்லைக் கதவுல எடுத்தது. பதினோரு நிமிசம். ஒரு இருமல் கிடையாது. மேப்புல இடம் குத்தணுமில்ல, குத்தினேன். கோட்டையில ஒண்ணு, புளியமரம் நின்ன எடத்துல ஒண்ணு, கதவுக்காரத் தெரு முனையில ஒண்ணு. கீழ மூணு விசயம் எழுதணுமே. எங்க இருந்து எடுத்தது: செவிவழி. யார் சொன்னது: கைடு மாசிலாமணி. யார் சரிபார்த்தது? அந்த எடம் காலியா இருந்தா நல்லாருக்காது. சீனிச்சாமின்னு போட்டேன். கத்துக் கொடுத்தவன் பேரு இருக்கட்டுமேன்னு ஒரு நன்றிக்குத்தான் போட்டேன். வேற நினைப்பு இல்லை.

பேரவைக்காரங்க அவங்க போன் குழுவுல போட்டாங்க. நாலே நாள்ல முப்பதாயிரம் பேரு கேட்டாங்க சார். இருபத்திரண்டு வருசத்துல நான் மலையில நின்னு கத்தினது எத்தனை பேருக்குக் கேட்டிருக்கும்? துபாயில இருந்து ஒருத்தர் போன் பண்ணி அழுதாரு. மேடமும் போன் பண்ணினாங்க. "உடனே எடுத்துடுங்க, நம்ம எல்லாரும் ஒத்துக்கிட்டது என்ன?"ன்னாங்க. எடுக்குறேன் மேடம்னேன். நான் எடுத்தா மட்டும் போயிடுமா? அதுக்குள்ள ஆயிரம் போன்ல இருக்கு. அதனால எடுக்கலை.

ஐப்பசியில ராயர் நினைவு நாள். எல்லா வருசமும் ஊர்வலம் உண்டு. பெரிய தெரு வழியா வந்து கோட்டை வாசல்ல மாலை போட்டுட்டுக் கலைஞ்சிடும். இந்த வருசம் மூணு மடங்கு கூட்டம். குட்டியானை வண்டியில ஒலிபெருக்கி கட்டி என் கதையைப் போட்டாங்க. எனக்கு மாலை போட்டு வண்டி மேல ஏத்திவிட்டாங்க. கையில மைக்கைக் கொடுத்தாங்க. நாலு மணி வெயில், கண்ணு கூசுது. வண்டி பெரிய தெருவை விட்டுத் திரும்புச்சு. ஏன் திரும்புதுன்னு நான் கேக்கலை. டிரைவரு எனக்குத் தெரிஞ்ச ஆளு இல்லை.

தெரு முனைக்கு வரும்போது கதை ஏழாவது நிமிசத்துல இருந்துச்சு. நான் பண்ணினது, எனக்கு நிமிசம் தெரியும். 'அந்த வீரணனின் வம்சம் எங்கே? தொலைவில் இல்லை. இதே ஊரில், கதவுக்காரத் தெருவில், நம் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, நம் கோயிலில் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறது.' அந்த எடத்துல நிறுத்தம். நாலு செகண்டு.

அந்த நாலு செகண்டுலதான் முதல் கல்லு போச்சு.

ஓடு உடையுற சத்தம் கேட்டுச்சு. ஒரு குழந்தை கத்துச்சு. அப்புறம் கல்லு மழைதான். சைக்கிள் செயினு, அரிவாளு, எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியலை. ஊர்வலத்துக்கு வர்றவன் அரிவாளை எதுக்கு சார் கொண்டு வர்றான்? சீனி அப்பத்தான் வேலை முடிஞ்சு வந்திருப்பான் போல, கழுத்துல மியூசியம் அட்டை தொங்குது. தெரு முனையில கையை விரிச்சுக்கிட்டு நின்னான். ஒத்தை ஆளு. வண்டியை அண்ணாந்து பார்த்து என்னைத்தான் கூப்பிட்டான். "அண்ணே! அதை நிறுத்தச் சொல்லுங்கண்ணே! உள்ள பிள்ளைங்க இருக்குண்ணே!"

மைக் என் கையில இருந்துச்சு. இருந்துச்சு, இல்லைங்கலை. கோர்ட்டுலயும் அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்குறாங்க. ஒலிபெருக்கியில என் குரல் ஓடிக்கிட்டு இருக்கும்போது நான் எப்படி சார் பேசுறது? ரெண்டு குரலும் மோதும். ஒண்ணும் விளங்காது.

கொடிக் கம்பு இரும்புக் குழாய். ஒருத்தன் அதைத் திருப்பிக் குத்தினான். சீனி கண்ணுல. ராயரோட தளபதிக்குக் கண்ணைத் தோண்டினதை நான் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், அலறலோட, கையால முகத்தைப் பொத்திக்கிட்டு. அப்படி இல்லை சார். சத்தமே இல்லை. அவன் மெதுவா உக்காந்தான். வேலை செஞ்சு களைச்சவன் உக்காருற மாதிரி. விரல் இடுக்குல ஏதோ வழியுது. உக்காந்தவன் முதுகுல ஏறி மிதிச்சுக்கிட்டு உள்ள போனாங்க.

மூணு வீடு. வாசல்ல நின்ன மோட்டார் சைக்கிள்ல பெட்ரோல் டியூப்பைப் பிடுங்கி, அந்தப் பெட்ரோலையே வீட்டுக்குள்ள ஊத்தினாங்க. கூரை பிடிக்கும்னு நினைச்சேன், ஓட்டு வீடுல்ல, உள்ள இருந்துதான் எரிஞ்சுச்சு. ஜன்னல் வழியா நெருப்பு எட்டிப் பார்த்துச்சு. சீனியோட அண்ணன் பொண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துச்சு, அரிவாள் வெட்டு முழங்கைக்குக் கீழ. பிள்ளையை விடலை. அந்தக் கையோடயே பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு ஓடுது. பிள்ளை சட்டையெல்லாம் ரத்தம், எது யாரு ரத்தம்னு தெரியலை.

சின்னாண்டி ஐயா வாசல்ல வந்து ரெண்டு கையையும் தூக்கினாரு. கும்பிட்டாரா, வேண்டாம்னாரா, எனக்கு அங்க இருந்து தெரியலை. அவங்க வீட்டு அம்மிக்குழவி வாசல்லயே கிடந்துச்சு. ஒருத்தன் அதை ரெண்டு கையால தூக்கி அவரு நெஞ்சுல போட்டான். இருபது வயசு இருக்கும் அவனுக்கு. போட்டுட்டு, தூக்கினது பாரமா இருந்த மாதிரி கையை உதறினான். ஐயா சுவத்துல சாய்ஞ்சு அப்படியே எறங்கினாரு. ஆட்டோவுல ஏத்தும்போதே போயிட்டாருன்னு சொன்னாங்க.

பதினோரு நிமிசம் முடிஞ்சு கதை மறுபடியும் முதல்ல இருந்து ஓடுச்சு சார். யாரும் நிறுத்தலை. டிரைவர் ஓடிப் போயிட்டான். வீடு எரியுது, பொம்பளைங்க மார்ல அடிச்சுக்கிட்டு அழுறாங்க, 'நாற்பது நாள் முற்றுகை'ன்னு என் குரல் போய்க்கிட்டே இருக்கு. வண்டியை விட்டு எப்படி எறங்கினேன்னு தெரியலை. வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியிலதான் மாலை கழுத்துலயே கிடக்குறதைப் பார்த்தேன்.

மூணாம் நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். போகாம இருக்க முடியுமா? எட்டு மாசம் பக்கத்துல உக்காந்தவன். சாத்துக்குடி வாங்கிக்கிட்டுப் போனேன். சீனி பொண்டாட்டி என்னைப் பார்த்ததும் அந்தப் பையைப் பிடுங்கித் தரையில அடிச்சுச்சு. பழம் வார்டு பூரா உருண்டு ஓடுச்சு. "கட்டில் கட்டிலா ஆளு படுத்திருக்கு, இதுக்கு மேல என்னய்யா வேணும் உனக்கு?"ன்னு என் சட்டையைப் பிடிச்சு உலுக்குச்சு. கன்னத்துல அறைஞ்சுச்சு. வாங்கிக்கிட்டேன். பொம்பளை, துக்கத்துல இருக்கு.

சீனிதான் "விடு"ன்னான். தலை முழுக்கக் கட்டு. ஒத்தைக் கண்ணால என்னைப் பார்த்து, "அண்ணே, ஹபீப் சார் ஒரு பேப்பர் காட்டினாருல்ல. அதுல என்ன இருந்துச்சு? ஒரு தடவை உங்க வாயால சொல்லுங்க"ன்னான்.

அந்தப் பேப்பரா? சொல்றேன்னேன்ல. கும்பினிக்காரன் எழுதி வச்ச கணக்கு. தொங்கவிட்ட பதினாலு பேரோட பட்டியல். வடக்கு வாசலைப் பீரங்கி வச்சுத் தகர்த்ததா எழுதியிருக்கான். பட்டியல்ல மூணாவது பேரு, 'வடக்கு வாசல் காவல் வீரணன், கதவை விட்டு விலக மறுத்தவன்.' அவனையும் புளியமரத்துலதான் போட்டிருக்காங்க. ஸ்கேன் எடுத்தவனே சீனிதான். ஹபீப் பாய் எழுத்துக் கூட்டிப் படிக்கப் படிக்க அவன் என்னைத்தான் பார்த்தான். அன்னைக்குச் சாயங்காலம் அவன் ஓடி ஓடிப் போய் அப்பாவைக் கூட்டிட்டு வந்து திரையில காட்டினான். ஐயாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வரியை விரலால தடவிப் பார்த்தாரு.

ஆமா சார், அது நான் வீட்டுல உக்காந்து பதிவு பண்றதுக்கு முந்திதான். மூணு வாரம் முந்தி. வெள்ளைக்காரன் எழுதினதை வச்சு எப்படி நம்புறது? நானும் யோசிச்சேன், யோசிக்காம இல்லை. அப்படி மாத்திச் சொல்லிப் பார்த்தேன், குளிக்கும்போது. கதவு உடையுது, எல்லாரையும் தொங்கவிடுறான். அப்புறம்? யாரைப் பார்த்துச் சனங்க பல்லைக் கடிப்பாங்க?

சீனி கேட்டதுக்கு அதைத்தான் சொன்னேன். "அதுல கதை இல்லையேப்பா"ன்னேன்.

அவன் முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டான். இப்ப நாலாவது கட்டத்துல அந்தப் பட்டியலைத்தான் வச்சிருக்காங்க. எஸ்தரம்மா பதினாலு பேரையும் வரிசையாப் படிப்பாங்க. மூணாவது பேருகிட்ட ஒரு நிறுத்தம் வச்சிருக்காங்க, சீனிதான் வெட்டி ஒட்டியிருப்பான், பழக்கம் தெரியுது. ஆனா மத்ததெல்லாம் வறட்டுப் படிப்பு.

மறுநாள் என்னைப் பிடிச்சுட்டாங்க. ஒன்பதாவது எதிரி நான். அறுபத்திரண்டு நாள் உள்ள இருந்தேன், அம்மிக்குழவி போட்ட பையன் கூட ஒரே கொட்டடி. ராயர் கதை சொல்லுங்கண்ணேம்பான். வேற என்ன செய்ய அங்க, சொன்னேன்.

நேத்துத்தான் செஷன்ஸ் கோர்ட்டுல சாட்சி விசாரணை. சீனி கூண்டுல ஏறினான். வலது பக்கம் கறுப்புக் கண்ணாடி ஒட்டின மூக்குக் கண்ணாடி. எங்க வக்கீல் என் பதிவுக்குக் கீழ இருந்த மூணு வரியை அச்செடுத்த காகிதத்தை நீட்டி, "சரிபார்த்தவர் என்று உங்கள் பெயர்தானே இருக்கிறது? நீங்கள் ஒப்புக்கொண்டுதானே இது வெளியே போனது?"ன்னு கேட்டாரு. நான் அப்படிக் கேக்கச் சொல்லலை சார், அவராக் கேட்டாரு. "எனக்குத் தெரியாம என் பேரைப் போட்டாரு. எங்க அப்பாவைப் புதைச்சுட்டு வந்து எங்க அண்ணன்தான் அதை எனக்குப் படிச்சுக் காட்டினாரு"ன்னான் சீனி. குரல் ஏறவும் இல்லை, எறங்கவும் இல்லை.

அப்புறம் அரசு வக்கீல், பதிவு முழுசையும் போடணும்னு கேட்டாரு. ஜட்ஜ் அம்மா போடச் சொன்னாங்க.

பதினோரு நிமிசம் சார். கோர்ட்டுல நீங்க இருந்திருக்கணும். முரசு அடிச்சதும் வராண்டாவுல நின்னவங்க எல்லாம் வாசல்ல வந்து நின்னுட்டாங்க. எழுதுறவரு பேனாவைக் கீழ வச்சுட்டாரு. மேல ஃபேன் ஓடுற சத்தம், என் குரல், வேற ஒண்ணும் இல்லை. எண்ணெய் விடுற எடத்துல ஒரு போலீஸ்காரர் 'ச்சே'ன்னாரு, எனக்குக் கேட்டுச்சு. தெருப் பேரு வந்துச்சு. நிறுத்தம் வந்துச்சு. நாலு செகண்டு, அந்த மொத்தக் கூட்டமும் மூச்சு விடலை. பின் பெஞ்சுல மேடமும் ஹபீப் பாயும் தலையைக் குனிஞ்சுட்டாங்க. சீனி மட்டும் குனியலை. கூண்டுக் கட்டையைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தான். புளியமரம் வந்துச்சு, கயிறு வந்துச்சு. அவனோட இருக்குற ஒத்தைக் கண்ணுல இருந்து தண்ணி எறங்கிக்கிட்டே இருக்கு. துடைக்கக்கூட இல்லை.

அவ்வளவு நடந்திருக்கு. கண்ணு போச்சு, அப்பன் போயாச்சு, வீடு போச்சு. ஆனாலும் என் கதையைக் கேட்டு அவனே நின்ன எடத்துல நின்னு அழுதுட்டான் சார். அப்படிச் சொல்லியிருக்கேன் நான்.